கல்யாணம் முடக்கிகள்

அம்மாவின் விவாகரத்துத் தீர்ப்பு நகல் பெட்டியில் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது என் தங்கை அபினா. பள்ளிக்கூடத்தில் கேட்ட சாதிச் சான்றிதழை எடுக்கத் தகரப்பெட்டியைத் திறந்தவள், கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்த என்னிடம் ஓடி வந்தாள்.

"எக்கா, கோர்ட்டுப் பேப்பரக் காணல்ல."

"எந்தக் கோர்ட்டுப் பேப்பர்?"

"அம்மையும் அப்பாவும் பிரிஞ்ச பேப்பர். மஞ்சக் கவர்ல இருக்குமில்லா, கவரோட இல்ல."

சோப்புக் கையோடு போய்ப் பார்த்தேன். ரேஷன் கார்டு இருந்தது. எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ்கள் இருந்தன. கல்யாணத்தன்று அப்பா இரவல் கோட்டு போட்டுக்கொண்டு எடுத்த படம்கூட இருந்தது. மஞ்சக் கவர் மட்டும் இல்லை.

அது 2013 ஜூன் மாதம். நான் பிளஸ் டூ, அபினா ஒன்பதாம் வகுப்பு. அப்பா கபிரியேல் லாரி ஓட்டுகிறவர். ஐந்து வருஷத்துக்கு முன்பு கேரளத்து நெடுமங்காட்டில் இன்னொரு வீடு வைத்துக்கொண்டு எங்களை மறந்தார். அம்மா லீலாபாய் கோர்ட்டுக்கு அலைந்து விவாகரத்து வாங்கினாள். பிள்ளைகள் இருவரும் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று அந்தப் பேப்பரில்தான் எழுதியிருந்தது. கோயிலில் அந்தப் பேப்பர் செல்லாது. பங்குச்சாமிக்கு அம்மா இன்னும் கபிரியேலின் மனைவிதான். ஆக, என் அம்மா ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஆனவள், மற்ற ஆறு நாளும் ஆகாதவள். ஊருக்கு எந்த நாள் எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பேப்பரை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வெளியே எடுப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அப்பா தன்னுடைய நகலை இரண்டாம் கல்யாணத்துக்குத்தான் எடுத்தார்.

"இவ கெட்டப் போறாளோ?" என்றாள் அபினா.

"வாய மூடு."

"ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு முப்பது நாள் நோட்டீசு போடணும். சீரியல்ல காட்டுனான்."

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"எம்மா, பெட்டியில மஞ்சக் கவர் இல்லியே?"

"ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்திருக்கேன்."

"எதுக்கு?"

"ஒரு காரியம் இருக்கு."

"என்ன காரியம்?"

"உனக்கு பிசிக்ஸ்ல எத்தற மார்க்கு?"

எங்கள் வீட்டில் பேச்சு முடிவது இப்படித்தான். பிசிக்ஸில் நான் ஐம்பத்தொன்று.

அதற்குப் பிறகு நாங்கள் அவளைக் கண்காணிக்கத் தொடங்கினோம். ஒருத்தியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்துவிட்டால் அவள் மூச்சு விடுவதுகூடத் தடயம்தான். முந்திரிக் கம்பெனியை எங்கள் பக்கம் அண்டியாபீஸ் என்போம். அம்மா அங்கே பதினாறு வருஷமாக ஓடு உடைக்கிற பிரிவில் இருந்தாள். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்க வேண்டும், ஓட்டிலிருந்து எண்ணெய் வடிந்து கையைத் தின்றுவிடும். விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகை தேய்ந்து, மழமழவென்று இருக்கும். அவள் கை அப்படித்தான் இருக்கும் என்று பிறந்ததிலிருந்து பழகியவர்கள் நாங்கள். அந்த ஏப்ரலிலேயே அம்மா மேஸ்திரியிடம் சண்டை போட்டு, பருப்பு தரம் பிரிக்கிற பிரிவுக்கு மாறியிருந்தாள். சாயங்காலம் தேங்காயெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தலைக்குச் சாயம் பூசினாள். இத்தனை நாள் இதெல்லாம் எங்கள் கண்ணில் படவில்லை. மஞ்சக் கவர் காணாமல் போனதும் எல்லாம் பட்டது.

"கையப் பிடிச்சுக் குடுக்கணும்லா," என்றாள் அபினா. "கறுப்பா இருந்தா மாப்பிள்ளைக்குப் பிடிக்குமா."

"பொத்துட்டி."

"நீ பொத்து. ஒனக்கும் அதுதான் தோணுது."

எனக்கும் அதுதான் தோன்றியது.

துவைக்கப் போட்ட சேலையின் முந்தானை முடிச்சில் ஒரு பஸ் டிக்கெட் கிடைத்தது. திருநெல்வேலி. தேதியைப் பார்த்தால், ஓவர்டைம் என்று சொல்லி அதிகாலையில் போய்ப் பொழுது சாய்ந்து வந்த நாள். வாங்கும் பண்டத்தில் உப்பு குறைந்தாலே எங்களிடம் கதை கதையாகச் சொல்கிறவள், திருநெல்வேலி போய்வந்ததைச் சொல்லவில்லை.

பிறகு ரசலையன். மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நெட், லேமினேஷன், பாரம் பூர்த்தி செய்து கொடுப்பது, எல்லாம் உண்டு. மனைவி செத்து மூன்று வருஷம். அவர் இரண்டு தடவை எங்கள் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே, "லீலா இருக்காளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா இல்லை, சேச்சி இல்லை, வெறும் லீலா. பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவராம். அதை அம்மா சொன்னபோது நாங்கள் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். கேட்காமல் சொல்கிற விளக்கம் எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா, "மார்த்தாண்டம் போய்ட்டு வாறேன், மீன் வெட்டி வைங்கோ," என்று கிளம்பினாள். நாங்கள் மீனைச் சட்டியில் போட்டு மூடிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினோம். மார்த்தாண்டத்தில் ஆளைத் தேடுவது லேசில்லை. சந்தை ஒரு பக்கம், மேலே மேலே வண்டி. கடைசியில் ரசலையன் கடைக்குப் பக்கத்துச் சர்பத் கடையில் கண்டோம். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. ரசலையன் ஏதோ ஒரு தாளைக் காட்டிச் சொல்லச் சொல்ல, அம்மா நன்னாரி சர்பத் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல் தெரிய, தோள் குலுங்க. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

"சிரிக்கா பாரு," என்றாள் அபினா. அவள் குரல் உடைந்திருந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அப்பாவின் அக்கா ஞானம் மாமியுடையது. மாமிக்கு ஊரில் கல்யாணம் முடக்கி என்று பெயர். எங்கள் பக்கம் ஒரு கல்யாணம் பேசினால், மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆளை அனுப்பிப் பெண்ணின் ஊரில் ரகசியமாக விசாரிப்பார்கள். வருகிறவன் தான் யார் என்று சொல்ல மாட்டான். டீக்கடையில் கேட்பான், ரேஷன் கடையில் கேட்பான், பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பான். அவனிடம் இரண்டே இரண்டு வார்த்தை சொல்லி நல்ல கல்யாணத்தையும் முடக்கிவிடுகிற ஆள்கள் எல்லா ஊரிலும் உண்டு. "நல்ல பிள்ளதான், ஆனா..." என்று ஞானம் மாமி இழுத்தால் போதும், வந்தவன் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பான். அப்படி ஐந்து பெண்களின் கல்யாணம் நின்றதாக ஊரில் சொல்வார்கள்.

ஒருநாள் மாமி மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு எங்களிடம் சொன்னாள்: "உங்கம்ம ஆரையோ கெட்டீட்டுப் போவப் போறாளாமே? போனா உங்கள நெடுமங்காட்டுக்குத்தான் அனுப்புவாவ, கேட்டியளா. அங்க இருக்கவ சோறு போடுவாளோ என்னவோ."

"ஒங்களுக்கு ஆரு சொன்னா?" என்றேன்.

"கண்ணு இருக்குல்லா மக்கா."

நெடுமங்காடு. அந்த வார்த்தை கேட்டதிலிருந்து அபினா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் படிப்பு ஓடவில்லை. நான் காலேஜுக்குப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒருத்தர்கூட அந்த வாசலை மிதித்ததில்லை. அப்பா வீட்டுக்குப் போனால் மறுநாளே என்னை யாருக்காவது கட்டிக்கொடுத்துக் கைகழுவிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் அந்த ஆள் வந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். கட்டம் போட்ட சட்டை, தேய்த்த பேன்ட், கையில் ஒரு பைல், நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"லீலாபாய் வீடு இதுதானா?"

"ஆமா. நீங்க ஆரு?"

"கொஞ்சம் வெவரம் கேக்க வந்தேன். அவிய இல்லியா?"

"இல்ல."

"பரவால்ல. குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாரியா?"

நானும் அபினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் என்று சொல்லவில்லை. வெள்ளம் கேட்கிறார். பைல் வேறு. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு மாப்பிள்ளை வீட்டு ஆள் எப்படி வருவானோ, அச்சு அசல் அப்படியே வந்திருந்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா எத்தற வருசமா இஞ்ச தாமசம்?"

பதினெட்டு வருஷம் என்பதுதான் சரியான பதில். நான் சொன்னேன்: "எப்பவாச்சும் வருவா."

"எப்பவாச்சும்னா?"

"கேரளத்துல கொஞ்ச நாள் இருப்பா, இஞ்ச கொஞ்ச நாள். ஒரு இடத்துல நிக்க மாட்டா."

அவர் பைலைத் திறந்து எழுதினார். எழுதிக்கொள்கிறாரே என்று ஒரு நொடி தோன்றியது. மாப்பிள்ளை வீட்டார் வெகு கவனமானவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தொன்று மார்க்கு சும்மா வரவில்லை.

"வீட்டுக்காரரு?"

"இருக்காரு. வருவாரு, போவாரு."

"டைவர்ஸ் ஆயிட்டுன்னு போட்டிருக்கே?"

"கேஸ் நடக்குது. முடியல்ல," என்றேன். "நேத்தும் அப்பா வந்தாரு. சாப்பிட்டுட்டுப் போனாரு."

"ஆளு எப்பிடி? வேற கேசு, வழக்கு, அடிபிடி, ஒண்ணும் இல்லியே?"

அபினா அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பாய்ந்து விட்டாள். "அவளுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது. ஒருக்கா ஒரு ஆள அரிவாளத் தூக்கிட்டு வெட்டப் போனா. ஸ்டேஷன்ல கேசு இருக்கு."

"எந்த ஸ்டேஷன்ல?"

"நம்ம ஸ்டேஷன்லதான்."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு அபினாவை மேலும் கீழும் பார்த்தார். "அப்பிடியா? நான் கேள்விப்படல்லியே."

"அமுக்கி விட்டிருப்பாவ," என்றாள் அபினா.

அவர் ஒரு மாதிரி சிரித்தார். எழுந்து வெளியே போனவர், நேரே எதிர்வீட்டுக்கு நடந்தார். ஞானம் மாமி சன்னலிலிருந்து வாசலுக்கு வந்து தயாராக நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. மாமியின் தலை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவது தெரிந்தது. அந்தத் தலையாட்டலைப் பார்த்து வாழ்நாளில் முதல் தடவையாக நான் மாமிக்கு நன்றி சொன்னேன்.

"முடிஞ்சு," என்றாள் அபினா. "இனி ஒருத்தனும் வர மாட்டான்."

அன்றைக்கு இரண்டு பேரும் முட்டை பொரித்துத் தின்றோம்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ரசலையன் பைக்கில் வந்தார். இந்தத் தடவை இறங்கினார். அம்மா அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"லீலா, போலீஸ் ரிப்போர்ட்டு எதிரா போயிருக்கு."

"எதிரான்னா?"

"பாஸ்போர்ட்டு தர மாட்டாவ. இந்த முகவரியில நீ ஸ்திரமா தாமசமில்லன்னு எழுதியிருக்கான். டைவர்ஸ் கேசு முடியல்லன்னும் எழுதியிருக்கான். நாம தீர்ப்பு நகலு வச்சிருக்கோம், ஆனா வீட்டு ஆளுவளே கேசு நடக்குன்னு சொன்னா அவன் என்ன செய்வான்? ஸ்டேஷன்ல எனக்கொரு ஆளத் தெரியும், கேட்டேன்." அவர் எங்களைப் பார்த்தார். பார்க்க விருப்பமில்லாமல்தான் பார்த்தார். "பிள்ளைய ரெண்டும் சொன்னதாம்."

பாஸ்போர்ட்.

திருநெல்வேலி, கை, தலைச்சாயம், மஞ்சக் கவர், எல்லாம் மளமளவென்று இடம் மாறி உட்கார்ந்தன. திருநெல்வேலியில் பாஸ்போர்ட் ஆபீஸ். தலைச்சாயம் அங்கே எடுக்கும் போட்டோவுக்கு, மஞ்சக் கவர் பிரிந்தவள் என்று காட்ட. விரல் ரேகை மெஷினில் பதிய வேண்டும், அண்டியாபீஸ் கையில் ரேகை இல்லை, அதனால்தான் பிரிவு மாற்றியதும் எண்ணெய் தேய்த்ததும். வந்த ஆள் போலீஸ்காரர், சாதாரண உடுப்பில்.

அம்மா முகத்தைத் துடைக்காமல் நின்றாள். தண்ணீர் சொட்டியது. "நீங்க போங்க," என்றாள் ரசலையனிடம். "பொறவு பேசுவோம்." அவர் போனதும் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ஆருட்டி சொன்னது?"

"நான்தான்," என்றேன்.

"அரிவாள் நான்," என்றாள் அபினா.

"எதுக்கு?"

அபினா அழுதுகொண்டே கொட்டினாள். "நீ கெட்டீட்டுப் போவப் போறன்னு நெனச்சோம். அந்த ஆளு மாப்பிள்ள வீட்டு ஆளுன்னு நெனச்சோம். முடக்கிவிட்டோம்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். "குவைத்துல நம்ம ஊர்க்கார நர்சு ஒருத்தி இருக்கா. அவ பிள்ளைய பாக்க ஆளு வேணும்னா. ரெண்டு வருசம். ஒங்க பெரியம்ம நேசம்மாள் இஞ்ச வந்து நிக்கேன்னு சொல்லியிருக்கா. எல்லாம் பேசி வச்சிருந்தேன்," என்றாள்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல்ல?" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஒங்ககிட்ட சொன்னா ஞானத்துக்குத் தெரியும். ஞானத்துக்குத் தெரிஞ்சா நெடுமங்காட்டுக்குத் தெரியும். 'பிள்ளைய விட்டுட்டுப் போறா'ன்னு அவன் கோர்ட்டுக்குப் போவான். விசா கையில வந்த பொறவு சொல்லலாம்னு இருந்தேன். ஒங்க ரெண்டு பேரயும் நான் நம்பல்ல." மூக்கைச் சிந்தினாள். "நம்பாதது நல்லதாப் போச்சு."

"எங்களுக்காகவா போற?" என்றாள் அபினா.

"ஒங்களுக்காகவும்தான். ஒங்களுக்காக மட்டும்னு சொன்னா கள்ளம். பதினாறு வருசமா ஒரே பலகையில இருந்து அண்டி தட்டுறேன்ட்டி. எந்திரிச்சு எங்கயாவது போணும். ஏரோப்ளேன்ல ஒருக்கா ஏறணும். அதுக்கும் முடக்கு வச்சாச்சு."

மறுநாள் அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். எங்களிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், குழம்பு வைத்தாள், "தின்னுங்கோ" என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வரும்போது விரல்களில் கறுப்பு ஏறியிருந்தது. பழைய பிரிவுக்கே திரும்பிப் போயிருக்கிறாள். அங்கே கூலி கொஞ்சம் கூடுதல்.

அபினா என் காதில் சொன்னாள்: "எக்கா, நாம ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருந்தாலே போதும். அவ போவ மாட்டா."

"சவமே, அவ மொகத்தப் பாத்தியா?"

"ரெண்டு மாசத்துல செரியாவும். குவைத்துக்குப் போனவ எல்லாரும் திரும்பி வந்தாளா? கொட்டாரத்துக்காரி ஒருத்தி வரவே இல்லன்னு மாமி சொன்னா."

அவளைத் திட்டினேன். ஆனால் அவள் சொன்னது எனக்குள்ளும் இருந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நான் சொன்ன பொய்யே வேலை செய்துகொண்டிருந்தது. அம்மா வீட்டில் இருப்பாள், நெடுமங்காடு இல்லை, குவைத் இல்லை, சமையல் எங்கள் தலையில் விழாது. நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே கணக்குப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கொட்டை வராததால் கம்பெனி லீவு. காலையில் அம்மா தகரப்பெட்டியைத் திறந்து, ரசலையன் கொடுத்து அனுப்பியிருந்த மஞ்சக் கவரை ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்து மூடினாள். சத்தம் போட்டுக்கூட மூடவில்லை. பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்து கவரை எடுத்தேன்.

"எம்மா, சேலைய மாத்து. ஸ்டேஷனுக்குப் போவோம்."

"எதுக்கு?"

"நான் சொன்னது பொய்னு சொல்லணும்."

அவள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். இது இன்னொரு முடக்கோ என்று அவள் நினைத்திருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்தால் நினைத்திருப்பேன். ஆனாலும் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். அபினா வர மாட்டேன் என்று சொல்லிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் அதே ஆள், காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும், "ஓ, அரிவாள் வீடு," என்றார். பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்திச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் மஞ்சக் கவரை மேசையில் வைத்தேன்.

"சார், நான் சொன்னது எல்லாம் பொய். அம்மை இஞ்சதான் இருக்கா, பதினெட்டு வருசமா. கேசு முடிஞ்சு மூணு வருசமாச்சு. அப்பா வீட்டுப் பக்கமே வாறதில்ல."

"ஒரு தடவ அப்பிடிச் சொன்ன, இப்ப இப்பிடிச் சொல்லுத. நான் எத எழுத?"

"நீங்க போலீசுன்னு அன்னைக்குச் சொல்லல்லியே."

"சொல்லியிருந்தா உண்மை சொல்லியிருப்பியோ?"

"ஆமா."

"அப்ப நான் ஆருன்னு நெனச்ச?"

அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எழுது. என்ன பொய் சொன்ன, ஏன் சொன்ன, எல்லாம். கையெழுத்து போட்டுத் தா. எதிர்வீட்டுக்காரி ஒரு மாதிரி சொல்லியிருக்கா. அத விட்டுட்டு வேற ரெண்டு வீட்டுல நான் திரும்பக் கேக்கேன்."

நின்றுகொண்டே எழுதினேன். நடுவில் அவர் அம்மாவைப் பார்த்து, "நடத்தை எல்லாம் எப்பிடி? தனியா இருக்கிய, வெளிநாடு போறிய, அதனால கேக்கேன்," என்றார்.

என் பேனா நின்றது. "சார், எங்க அப்பாவும் பாஸ்போர்ட்டு எடுத்தவர்தான். அவருக்கு எழுதும்போ நடத்தைய கேட்டியளா?"

அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். அவர் முகம் கடுத்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். தாளை என் பக்கம் தள்ளி, "எழுதிட்டுப் பேசு," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனுக்கே கேட்கும்படி வாசித்தார். கடைசி இரண்டு வரிகள் வந்தன: "'என் அம்மா மறுமணம் செய்துகொள்ளப் போகிறார் என்று நினைத்து, அதைத் தடுக்கவே மேற்படி பொய்களைச் சொன்னேன். அவர் குவைத்துக்கு வேலைக்குப் போவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.'"

"அத இன்னொருக்கா வாசிங்க சார்," என்றாள் அம்மா.

அவர் விநோதமாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணம்னா முடக்குவ. ஆருக்கோ பிள்ளைக்கு மூத்திரத்துணி கழுவப் போறேன்னா, ஒனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. இல்லியா மக்கா?"

"அப்பிடி இல்ல எம்மா..."

"நீதான் எழுதியிருக்க."

எழுதியது நான்தான். தாளை வாங்கி அடித்துத் திருத்தலாமா என்றுகூடத் தோன்றியது. எதை அடிப்பது? முதல் வரியா, இரண்டாவது வரியா? இரண்டும் உண்மையாகத்தான் இருந்தன.

"கையெழுத்து போடு," என்றார் அவர். போட்டேன். தேதி போடச் சொன்னார், அதையும் போட்டேன்.

வெளியே வந்தோம். சாலையோரம் புளியமர நிழலில் அம்மா நின்றாள். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நின்றாளோ, பஸ்ஸுக்காக நின்றாளோ, தெரியவில்லை. நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் முன்னால் ஏறிப்போய், ஒருவர் மட்டும் உட்காரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.